நுஸ்ராவின் மூக்கும் நளீமின் காரும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பி இரண்டாவது ஒழுங்கைக்குள் நுழைந்தால் நீலத் தறப்பாள் கட்டிய ஒரு முற்றம் வரும். அங்கே காரைக் கொண்டுபோகிறவர்கள், ஒழுங்கை திரும்பும்போதே தங்கள் குற்றங்களை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வது வழக்கம். நுஸ்ரா கார்க் கதவைத் திறப்பாள், தலையை மட்டும் உள்ளே நீட்டுவாள், ஒரு மூச்சு இழுப்பாள். அதற்குப் பிறகு மறைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

"பின் சீற்றில பால் கொட்டி ஈக்கி. இடப்பக்கம். கொட்டி ஒரு கெழமையாச்சு. அதுக்கு மேல ஆரோ சென்ட் அடிச்சீக்கிறாங்க. அந்த ஆளுக்கு அறிவில்ல."

சென்ட் அடித்தவர் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்பார்.

காருக்குள் பிடித்த கறையை எடுப்பதும் ஏறிப்போன நாற்றத்தை இறக்குவதும் அவள் தொழில். உப்பு லொறியும் சீமெந்துத் தூசும் ஓயாமல் போய்வரும் பாலாவியில், மற்றவர்களுக்கு மூக்கு என்பது தும்முவதற்கும் கண்ணாடி மாட்டுவதற்கும் மட்டுமே பயன்பட்டு வந்தது. நுஸ்ராதான் அதை வைத்து வேலை பார்த்தாள். அந்தத் தொழில் ஒரு கோபத்தில் தொடங்கியது. பல வருடங்களுக்கு முன், எத்தாளையில் ஒரு கல்யாண வீட்டுக்கு வேன் பிடித்துப் பெண்களெல்லாம் போனார்கள். முதல் நாள் அதே வேனில் யாரோ இறால் பெட்டி ஏற்றியிருந்தார்கள். ஐஸ் தண்ணீர் முழுவதும் தரைக்குள் இறங்கியிருந்தது. பட்டுச் சேலையோடு ஏறிய நுஸ்ரா, நூறு யார் தூரம் போவதற்குள் வேனை நிறுத்தி இறங்கிவிட்டாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் வாளியும் தும்புத்தடியுமாக வேன்காரன் வீட்டுக்குப் போய், "திறங்க கதவ" என்றாள். அன்று முழுதும் தேய்த்தாள். கூலியும் கேட்கவில்லை, சிரிக்கவுமில்லை. அடுத்த வாரமே இரண்டு வேன்கள் அவள் வாசலில் நின்றன.

அவளிடம் பெரிய மருந்துகள் ஒன்றும் கிடையாது. அப்பச்சோடா, வினாகிரி, சவர்க்காரத் தூள், பழைய பல் பிரஷ், ஒரு தூசு உறிஞ்சும் மிசின், தேங்காய்ச் சிரட்டைக் கரி. இவற்றுக்கு மேல் வெயில். கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டையை முதல் வேலையாகப் பிடுங்கி எறிவாள். நாற்றத்தை வாசனையால் மூடுகிறவர்களைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயத்தை இங்கே எழுத முடியாது.

வருகிறவர்கள் காருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினால் அவளுக்குப் பிடிக்காது. "சொல்லாதீங்க" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். கற்பிட்டியில் நண்டு வியாபாரம் செய்யும் கிளைட்டன் ஒருநாள் காரைக் கொண்டு வந்தான்.

"ராத்தா, மூணு நாளா ஏதோ ஒரு மணம்..."

"சொல்லாதீங்க தம்பி."

தலையை நீட்டி ஒரு மூச்சு இழுத்தாள். "மணமில்ல. ஆளே உள்ள ஈக்கிறார்" என்று சொல்லி, முன் தட்டுப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு நண்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். கிளைட்டன் அன்றிலிருந்து அவளைப் பற்றிக் கற்பிட்டி முழுதும் கதைத்துத் திரிந்தான். இந்தப் பெயர்தான் அவளைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் இந்த 'சொல்லாதீங்க' மெல்ல மெல்ல முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நுஸ்ரா யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவளே சொல்லிவிடுவாள். மகள் ஷிம்லா பள்ளிக்கூடத்தால் வந்து வாயைத் திறக்குமுன், "கணக்கில கொறஞ்சு போச்சு" என்பாள். புருஷன் நளீம் கதிரையில் உட்காருமுன், "உங்களுக்குத் தலையிடி" என்பாள். பத்துக்கு எட்டுச் சரியாகத்தான் இருக்கும். மிச்சம் இரண்டைப் பற்றியதுதான் இந்தக் கதை.

நளீம் கனமூலை என்கிற ஊர்க்காரன். மிளகாயும் தென்னையும் பார்த்து வளர்ந்தவன், மெதுவாகக் கதைப்பவன், ஒரு வசனத்தைத் தொடங்குவதற்கே கொஞ்ச நேரம் எடுப்பவன். அவனுக்கு நுஸ்ரா வாய்த்தது அல்லாஹ்வின் நாட்டம் என்று இரண்டு பக்கத்து மாமிமாரும் சொல்வார்கள், ஒவ்வொருவரும் வேறு வேறு அர்த்தத்தில். மூன்று தடவையாகக் கட்டாருக்குப் போய், மொத்தம் ஒன்பது வருடம் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்துவிட்டு வந்திருந்தான். வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அந்த வீட்டுக்காரர்களே திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று புத்தளத்து ஏஜென்ட் செய்தி அனுப்பியிருந்தான். வருவதென்றால் திங்கட்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பாஸ்போட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

அவனுக்குப் போக விருப்பம் என்று நுஸ்ரா முடிவுகட்டிவிட்டாள். அதற்குச் சாட்சியும் இருந்தது. செய்தி வந்த கிழமையிலேயே நளீம் அலுமாரிக்கு மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்ததை அவள் கண்ணால் கண்டாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் அவன் போவது அவளுக்கு விருப்பமில்லை. கொஞ்சமும் விருப்பமில்லை. ஒன்றரை வருடமாக வீட்டில் ஒரு ஆண் இருமுகிற சத்தம் கேட்கிறது. சுபஹுத் தொழுகைக்கு முன்னமே யாரோ எழும்பிக் கேத்தலை வைக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் மூன்றாவது கோப்பை கழுவ வருகிறது. இதையெல்லாம் திரும்பவும் போனுக்குள் போட்டு மூடி வைக்க அவளால் முடியாது. அதேநேரம் உழைக்கப் போகிற மனிசனை மறித்து நிற்கிற பெண்டாட்டி என்று பெயர் எடுக்கவும் அவளுக்குச் சம்மதமில்லை. ஆகவே அவள் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் வாய், அந்த ஒரு விஷயத்தில் பூட்டுப் போட்டுக்கொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஆவணி மாதத்தில், அந்தத் திங்களுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, நளீம் ஒரு காரை ஓட்டிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தான். வெள்ளை நிறம். வெளியே பார்த்தால் மாப்பிள்ளை போல இருந்தது. நுஸ்ரா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். மூச்சு இழுத்தாள். ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"வெள்ளத்தில நிண்ட கார்."

"ஓம், சிலாபத்துப் பக்கம் ஆறு பெருகினநேரம்..."

"சொல்லாதீங்க. சீற் மட்டத்துக்குத் தண்ணி ஏறி ஈக்கி. ரெண்டு மூணு மாசம் பூட்டியே வச்சீக்கிறாங்க. பூஞ்சணம். இத ஆர் தலையில கட்டினது?"

நளீம் விசயத்தைச் சொன்னான்; கார் அவன் வாங்கியதுதான். அதற்கு மட்டும் அவள் விட்டாள். கற்பிட்டியில், காற்றுக்குப் பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு சின்ன ஹோட்டல் இருக்கிறது. அவர்களை எயார்போட்டிலிருந்து கூட்டி வரவும் கொண்டுபோய் விடவும் நிரந்தரமாக ஒரு வாகனம் தேவை. மனேஜர் மிஸ் டிலுக்ஷி திங்கட்கிழமை காலையில் காரைப் பார்ப்பார். போன டிரைவரின் காரில் நாற்றம் என்று ஆட்கள் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். அதனால் கண்ணாடிகளை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்துதான் முடிவு சொல்வாராம். கார் எடுபட்டால் இங்கேயே தொழில். எடுபடாவிட்டால் இரண்டு மணிக்கு ஏஜென்ட்.

நுஸ்ரா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டாள். நில்லுங்கள் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வராது. நாற்றம் எடுக்கக் கை வரும். அல்லாஹ் தன் பக்கம் என்று அவளுக்கு அப்போதே பட்டுவிட்டது.

"நுஸ்ரா, இன்னொண்டு. நான் இத இஞ்ச கொண்டார முந்தி, இதுக்குள்ள கொஞ்சம்..."

"எனக்குச் சொல்லித் தராதீங்க. வாளிய எடுங்க."

புதன்கிழமை முழுதும் வேலை நடந்தது. சீற்றுகளைக் கழற்றி வெயிலில் போட்டாள். தரை விரிப்பை உருவிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டாள். அதன் அடியில் இரும்போடு ஒட்டிக் கிடந்த தடித்த பஞ்சை மட்டும் கழற்ற முடியாததால், துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தெடுத்தாள். பூஞ்சணம் கண்ட இடமெல்லாம் வினாகிரி வைத்துத் துடைத்தாள். ஏசியின் வடிகட்டியை எடுத்து இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நளீமுக்குக் காட்டினாள், அவன்தான் அதைச் செய்து வைத்தவன் என்பதுபோல. பின்னேரம் எங்கும் அப்பச்சோடாவைத் தூவி, ஊறவிட்டு, மிசினால் உறிஞ்சினாள். நான்கு மூலையிலும் சிரட்டைக் கரி வைத்தாள். மஃரிப் தொழுகைக்கு முன் மூச்சு இழுத்துப் பார்த்தாள். நல்ல காய்ந்த மணம். "முடிஞ்சுது" என்றாள். திங்கள் வரைக்கும் போகாமல் புதனிலேயே முடித்துவிட்ட பெருமையில் அன்று புருஷனுக்கு மீன் பொரியல் இரண்டு துண்டு கூட விழுந்தது.

வியாழன் காலையில் கதவைத் திறந்தாள். தரைப் பஞ்சு ஈரம். நனைந்த சாக்கின் மணம்.

பனி என்றாள். அன்று திரும்பக் காயவைத்து, கண்ணாடி நான்கையும் இறுக்கி மூடிவிட்டுப் படுத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் ஈரம். ஆவணி மாதம், மழை பெய்து எத்தனையோ நாள், சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது, முற்றத்துக் கொடியில் துணி அரை மணித்தியாலத்தில் காய்கிறது. கார் மட்டும் நனைகிறது. எங்கேயோ ஒழுகுகிறது என்று தீர்மானித்தாள். ஜும்ஆ முடிந்து வந்த நளீமை, புதுச் சட்டையோடேயே உள்ளே உட்காரவைத்துக் கையில் டோர்ச் லைட்டைக் கொடுத்துக் கதவை அடைத்தாள். பிறகு கூரையிலிருந்து சில்லுவரை குழாயால் தண்ணீர் அடித்தாள். உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை. நளீமின் நாடியிலிருந்து விழுந்தது வியர்வை.

"நுஸ்ரா, எனக்கு ஒரு சந்தேகம். அண்டைக்கு நான்..."

"சும்மா இரிங்க. நான் யோசிச்சுக்கொண்டு ஈக்கிறேன்."

சனிக்கிழமை அவள் ஏசித் தண்ணீர் வெளியே போகும் குழாயைச் சந்தேகித்தாள். அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாள். அது அவளைவிட நன்றாக வேலை செய்தது. பின்னேரம் தன் மூக்கையே சந்தேகிக்கத் தொடங்கினாள். குசினிக்குள் போய்க் கோப்பித் தூளை மணந்தாள், கருவாப்பட்டையை மணந்தாள், அடுப்பங்கரைத் துணியை மணந்தாள். எல்லாம் அதது போலத்தான் மணத்தன.

படித்துக்கொண்டிருந்த ஷிம்லா புத்தகத்திலிருந்து தலையை எடுத்தாள். "உம்மா, வாப்பாட்ட ஒருக்கா கேளுங்களேன்."

"வாப்பாக்கு என்ன தெரியும்?"

"கார் வாப்பாடதானே."

நுஸ்ரா அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. ஊரான் கார் எத்தனையோ கழுவிக் கொடுத்திருக்கிறாள், ஒன்றும் திரும்பி வந்ததில்லை. தன் வீட்டு மனிசனைத் தன் வீட்டில் நிறுத்தி வைக்கிற இந்த ஒரு கார் மட்டும் அவள் கைக்கு அடங்க மாட்டேன் என்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை பத்து மணியளவில், முழங்காலில் நின்று கொண்டு தரைப் பஞ்சை இரண்டு கையாலும் அமர்த்திப் பிழிந்தாள். முகத்தில் வழிந்த வியர்வையைப் புறங்கையால் துடைத்தபோது உதட்டில் ஏதோ பட்டது. உப்புக் கரித்தது. வியர்வைதான் என்று நினைத்தாள். ஆனால் உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு வந்தது. வியர்வை கசக்காது. பஞ்சில் விரலை வைத்தெடுத்து, நாக்கில் வைத்தாள்.

நுஸ்ராவின் வாப்பா பாலாவியில் உப்பு வாய்க்கால் என்கிற உப்பளத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். புதிதாக அள்ளிய உப்பு எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் கசப்புத் தண்ணீர் இருக்கும். குவித்து, ஓலையால் மூடி, மாதக்கணக்கில் வைத்தால்தான் அது வடிந்து போகும். வடியாத உப்பைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துக் குடித்து விடிவதற்குள் தரையை நனைத்துவிடும். ஆகவே கார் ஒழுகவில்லை. காருக்குள் ஏதோ ஒன்று ஒவ்வொரு இரவும் கடல் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

"இஞ்ச வாங்க" என்றாள்.

நளீம் வந்தான்.

அவள் விரலை முக்காட்டு நுனியில் துடைத்தாள். பிறகு, பல வருடத்தில் முதல் தடவையாக, அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

"உப்பு" என்றான் நளீம். ஐந்து நாளாக வாயில் வைத்திருந்த சொல்லைத் துப்பிய நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. "உப்பு ஈரத்த இழுக்குமெண்டு எல்லாரும் சொல்றதுதானே. உனக்கு வேல கொறயட்டும் எண்டு கார்பெட்டுக்குக் கீழ ரெண்டு பை பரத்தி, மூணு நாள் பூட்டி வச்சன். பொறகு பாத்தா உப்பு கரஞ்சு போய்ட்டு. வேலய முடிச்சிட்டு எண்டு நெனச்சன்."

"எங்க எடுத்தீங்க?"

"உப்புக்கார அஸ்ஹான்ட வாய்க்கால்ல. அண்டைக்கு அள்ளின உப்பு." கொஞ்சம் பெருமையோடு சேர்த்தான். "பழசு இல்ல. புத்தம் புதுசு."

நுஸ்ரா கண்ணை மூடிக்கொண்டாள். பாணும் மீனும் புதிதாக இருந்தால் நல்லது. உப்பும் அப்படித்தான் என்று கனமூலையில் நினைத்திருக்கிறார்கள்.

"அஸ்ஹான் ஒண்டும் சொல்லல்லியா? அவருக்குத் தெரியுமே."

"காருக்கு எண்டு சொன்னா வெள்ளத்தில நிண்ட கார் வாங்கின கத ஊரெல்லாம் போய்டும் எண்டு, தென்னைக்குப் போட எண்டு சொல்லி வாங்கினன்."

"அப்ப எனக்காவது சொல்லி ஈக்கலாமே!"

"சொல்ல விட்டியா நீ?" என்றான் நளீம். அவன் சத்தம் போடவில்லை. அதனால்தான் அது சரியான இடத்தில் போய் இறங்கியது. நுஸ்ராவுக்குக் காது சூடாகியது.

அன்று அவர்கள் செய்த வேலையை அந்த ஒழுங்கையில் இன்னும் கதைக்கிறார்கள். தரையோடு ஒட்டியிருந்த பஞ்சைக் கத்தியால் வெட்டி வெட்டி முழுதாக எடுத்து எறிந்தார்கள். இரும்புத் தரையைக் கழுவ வேண்டும். பாலாவிக் கிணற்றுத் தண்ணீரே சவர், அதை ஊற்றினால் உப்பை உப்பால் கழுவியதாகிவிடும். ஆகவே குடிக்க வைத்திருந்த குழாய்த் தண்ணீர்க் கலன்கள் எல்லாம் காருக்குள் போயின. ஒரு கலன் ஊற்றி வழித்த பிறகு நுஸ்ரா தரையில் விரலை வைத்து நாக்கில் வைப்பாள். அந்தப் பக்கக் கதவால் நளீம் குனிந்து அவனும் விரலை வைத்து நாக்கில் வைப்பான்.

"இன்னம் கரிக்கிது."

"எனக்குக் கரிக்கல்ல."

"உங்கட நாக்கு கனமூல நாக்கு. ஊத்துங்க."

மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் எழும்பின. புருஷனும் பெண்டாட்டியும் பட்டப்பகலில் ஒரு காரை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மெல்ல இறங்கின. ஷிம்லா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஐந்தாவது கலனுக்குப் பிறகு இரும்பு இரும்பாக ருசித்தது. எல்லாக் கதவையும் திறந்து சோளகக் காற்றுக்கு விட்டார்கள். இருவரும் வாங்கில் உட்கார்ந்து, குடிப்பதற்குத் தண்ணீர் இல்லாததால், இளநீர் குடித்தார்கள். கேள்வி கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்று நுஸ்ராவுக்குத் தோன்றியது. இன்னொன்று கேட்டுப் பார்த்தாள்.

"பெரிய பெட்டிய ஏன் எறக்கித் தொடச்சீங்க?"

"உள்ள பல்லி ஒண்டு செத்துக் கெடந்திச்சு." நளீம் அவளை அதிசயமாகப் பார்த்தான். "ஒரு கெழமையா ரூமெல்லாம் ஒரே நாத்தம். உனக்கு மணக்கல்லியா?"

மணக்கவில்லை. பெட்டி இறங்கியதைக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு அந்த அறைக்குள் வேறொன்றும் தெரியவில்லை. மூன்றாவது கேள்வி ஒன்று தொண்டைவரை வந்தது. அதற்குள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. நளீம் எழும்பிவிட்டான்.

திங்கள் காலையில் கார் காய்ந்து கிடந்தது. நுஸ்ரா மூச்சு இழுத்தாள். பூஞ்சணம் இல்லை, வினாகிரி இல்லை, கரி இல்லை, ஒன்றுமே இல்லை. ஒன்றும் மணக்காமல் செய்வதுதான் அவள் தொழிலில் ஆகப் பெரிய வேலை. அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், ஏனென்றால் அங்கே கைதட்ட ஒன்றும் இருக்காது. நளீம் அவளையும் வரச் சொன்னான். பாஸ்போட் அவன் சட்டைப் பையில் இருந்தது. கற்பிட்டியால் நேரே புத்தளத்துக்குப் போக வேண்டி வந்தாலும் வரும்.

மிஸ் டிலுக்ஷி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காருக்குள் ஏறினார். கண்ணாடிகள் மூடின. நுஸ்ரா தென்னை மரத்தடியில் நின்று ஸலவாத்து ஓதினாள். பத்து நிமிஷம் கழித்து அவர் இறங்கினார்.

"எனக்கு ஒண்டுமே மணக்க இல்லையே. எங்கட டிரைவர்மார் எல்லாரும் சென்ட் அடிச்சுத் தலையிடி தருவாங்க. இது ஆர் செய்தது?"

நளீம் பெருவிரலால் பெண்டாட்டியைக் காட்டினான். நுஸ்ராவுக்கு நெஞ்சு நிறைந்து போனது. அவன் நிற்கப் போகிறான் என்ற சந்தோஷம் முகத்தில் வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப சரி, பலகையை ஏத்திப் பாப்பம்" என்றார் டிலுக்ஷி.

ஒரு வெள்ளைக்காரன் உறையில் போட்ட பலகை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அது அவனைவிட உயரம். டிக்கிக்குள் வைத்தார்கள், பாதிதான் போனது. பின் சீற்றில் குறுக்காக வைத்தார்கள், கதவு மூடவில்லை. முன்னாலிருந்து பின்னுக்கு நீட்டினார்கள், டிரைவர் உட்கார இடமில்லை. கடைசியில் அதன் மூக்கு ஜன்னலால் வெளியே வந்து நின்றது.

"நளீம் நானா, நான் வேன் எண்டெல்லோ நினைச்சன்."

"நீங்க கேக்கல்லியே மிஸ்."

"நீங்களும் சொல்ல இல்லையே."

வெள்ளைக்காரன் பலகையை உருவித் திரும்பத் தோளில் வைத்தான். கூரைக்கு மேலே பலகை கட்டக் கரியர் ஒன்று பூட்டிக்கொண்டு வாங்க, பிறகு பார்ப்பம் என்றார் டிலுக்ஷி. பார்ப்பம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஒருவரும் வீடு கட்டியதில்லை.

திரும்பி வரும்போது றோட்டின் இரண்டு பக்கமும் வெங்காயப் பாத்திகளும் தென்னந்தோட்டமும் ஓடிப் போயின. காருக்குள் கதையைத் தொடங்க உதவிக்கு ஒரு நாற்றம்கூட இல்லை. எத்தாளையைத் தாண்டும்போது நளீம் கையைத் திருப்பி மணி பார்த்தான்.

"ரெண்டு மணிக்கு வரச் சொன்னான்."

"ஓம்" என்றாள் நுஸ்ரா.

ஒரு மைல் கட்டை தூரம் போயிருக்கும்.

"நிப்பாட்டுங்க."

நளீம் பதறிப்போய் ஓரம் கட்டினான். "என்ன? என்ன மணக்கிது?"

"ஒண்டும் மணக்கல்ல. போகாதீங்க."

"ஏஜென்ட்டிட்டயா?"

"கட்டாருக்கு. போகாதீங்க. கரியர் பூட்டினாப் பூட்டுங்க, பூட்டாட்டி விடுங்க. எனக்கு நீங்க வீட்டில ஈக்கோணும்."

சொல்லி முடித்துவிட்டு நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நளீம் எஞ்சினை நிறுத்தினான். வழக்கம்போல அவனுக்கு வசனம் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இந்தத் தடவை அவள் காத்திருந்தாள்.

"இந்தக் கார ஏன் வாங்கினன் தெரியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். தெரியாது என்று அவள் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"நிக்கிறதுக்கு ஒரு சாட்டு வேணும் எண்டு. நில்லுங்க எண்டு நீ சொல்லல்ல. சொல்லாத வீட்டில ஒரு மனிசன் சும்மா எப்பிடி நிக்கிற? மூணு தரம் எயார்போட்டுக்கு வந்த. மூணு தரமும் சிரிச்சுக்கொண்டு கை காட்டின. நான் போறது இவளுக்கு நிம்மதி போல எண்டுதான் நெனச்சன்."

"நான் அழுதா நீங்களும் அழுவீங்க எண்டு சிரிச்சன்."

"நான் எப்பிடியும் அழுததுதான்" என்றான் நளீம். "மூணு தரமும் பிளேனுக்குள்ள."

அவன் சட்டைப் பைக்குள்ளிருந்த பாஸ்போட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான். நுஸ்ரா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் மூன்று தடவை புருஷனைச் சிரித்து வழியனுப்பிய அந்தப் பெண், அவன் எங்கும் போகாத அன்று, எத்தாளை றோட்டோரத்தில், முகத்தை மூடக்கூட நேரமில்லாமல் ஓவென்று அழுதாள். பின்னால் வந்த கற்பிட்டி பஸ் ஹோன் அடித்தது. திரும்பவும் அடித்தது. நளீம் காரை எடுக்கவில்லை.